வெற்றியே இல்லாத விளையாட்டு

விளையாட்டுப் பொருள்களுக்கு ஆயுள் குறைவு. கிறிஸ்துமஸ் நாளில் ஆவலோடு பிரித்த பொம்மை பொங்கலுக்குள் கட்டிலுக்கடியில் போய்விடும். மின்திரையில் ஆடும் விளையாட்டுகளோ இன்னும் அற்பாயுள் கொண்டவை; புதிய கருவி ஒன்று கடைக்கு வந்தவுடன் பழையது மறக்கப்பட்டுவிடுகிறது. இந்தப் பொது விதிக்கு விலக்காக, நாற்பது ஆண்டுகளைக் கடந்தும் உலகெங்கும் மக்களின் கைகளில் வாழ்ந்துகொண்டிருக்கும் விளையாட்டு ஒன்று உண்டு. அதன் பெயர் டெட்ரிஸ்.

பெயரைச் சொன்னால் விழிப்பவர்களும் பொருளைக் காட்டினால் புன்னகை செய்வர். 1990களில் நம் ஊர்த் திருவிழாக் கடைகளில், வளையல்களுக்கும் பலூன்களுக்கும் நடுவே, சாம்பல் நிறத் திரையும் சில பொத்தான்களும் கொண்ட சிறு கருவி ஒன்று தொங்கியதை வாசகர் பலர் நினைவுகூரக்கூடும். ‘பிரிக் கேம்’ என்று பிள்ளைகள் அதனை அழைத்தார்கள். அக்கருவிக்குள் இருந்தது டெட்ரிஸின் சாயலே. இன்று அதே விளையாட்டு கைப்பேசிக்குள் குடியேறிவிட்டது.

விளையாட்டு மிக எளியது. பத்துச் சதுர அகலமும் இருபது சதுர உயரமும் கொண்ட ஒரு கிணறு. மேலிருந்து ஒவ்வொன்றாகக் கட்டைகள் இறங்குகின்றன. ஒவ்வொரு கட்டையும் நான்கு சதுரங்கள் ஒட்டிய ஓர் உருவம். அவ்வுருவங்கள் மொத்தம் ஏழு. இறங்கும் கட்டையை இடமோ வலமோ நகர்த்தலாம், சுழற்றலாம், வந்த கட்டையை வேண்டாம் என்று திருப்பி அனுப்ப மட்டும் இயலாது. ஒரு வரிசை இடைவெளியின்றி நிரம்பினால் அவ்வரிசை மறைந்து, மேலுள்ளவை ஒரு படி கீழிறங்கும். நிரம்பாத வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிணற்றின் வாயைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது. நேரம் செல்லச் செல்லக் கட்டைகளின் வேகம் கூடும். இவ்வளவுதான்.

இதில் கதை இல்லை, வீரன் இல்லை, பகைவனும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, இதில் வெற்றி என்பதே இல்லை. சதுரங்கத்தில் எதிரியின் அரசனைச் சிறைப்பிடித்தால் வென்றோம். பரமபதத்தில் உச்சிக் கட்டத்தை எட்டினால் வென்றோம். டெட்ரிஸிலோ எவ்வளவு நேரம் தாக்குப்பிடித்தோம் என்பதுதான் கணக்கு. இறுதியில் தோல்வி ஒன்றே. அப்படியிருக்க, தோற்றவர் உடனே மறுபடியும் தொடங்குகிறாரே, ஏன்? இந்தக் கேள்வி நமக்கு ஒரு பொழுதுபோக்குக் கேள்வியாக வரவில்லை. ஒரு குடும்பத்தின் வழக்காகவே வந்து சேர்ந்தது. அவ்வழக்கைச் சொல்லுமுன் இவ்விளையாட்டு பிறந்த கதையைச் சற்றே பார்த்துவிடுவோம்.

1984-ஆம் ஆண்டு. இடம் மாஸ்கோ நகரம். சோவியத் விஞ்ஞானக் கழகத்தின் கணிப்பு நிலையத்தில் அலெக்ஸெய் பஜித்னோவ் என்னும் இளம் ஆய்வாளர் பணியாற்றிவந்தார். செயற்கை அறிவும், மனிதப் பேச்சைக் கணிப்பொறிக்குப் புரியவைப்பதும் அவருடைய ஆய்வுத் துறைகள். மரத்தாலான புதிர்களில் அவருக்குச் சிறு வயது முதலே ஈடுபாடு. ஐந்து சதுரங்கள் ஒட்டிய பன்னிரண்டு வகைத் துண்டுகளை ஒரு பெட்டிக்குள் இடைவெளியின்றி அடுக்கும் புதிர் ஒன்று உண்டு. பென்டோமினோ என்பது அதன் பெயர். அத்துண்டுகள் மேலிருந்து விழுந்தால் எப்படியிருக்கும் என்று அவர் எண்ணிப் பார்த்தார். ஐந்து சதுரங்கள் மூளைக்குப் பெருஞ்சுமையாகத் தோன்றவே நான்காகக் குறைத்தார். பன்னிரண்டு உருவங்கள் ஏழாயின. நான்கைக் குறிக்கும் ‘டெட்ரா’ என்ற கிரேக்கச் சொல்லையும், தமக்குப் பிடித்த டென்னிஸ் ஆட்டத்தின் பெயரையும் இணைத்து டெட்ரிஸ் என்று பெயரிட்டார்.

அவர் பயன்படுத்திய ‘எலெக்ட்ரோனிகா 60’ என்னும் கணிப்பொறி படம் வரையத் தெரியாதது. எழுத்துகளை மட்டுமே காட்டும். ஆகவே பகர அடைப்புக்குறிகளை இரண்டிரண்டாகச் சேர்த்தே கட்டைகளை உருவாக்கினார். ஒரு சிக்கல் எழுந்தது. கட்டைகள் விழத் தொடங்கிய சில நொடிகளிலேயே திரை நிரம்பி ஆட்டம் முடிந்துவிட்டது. அப்போதுதான் ஓர் எண்ணம் அவருக்கு உதித்தது: நிரம்பிவிட்ட வரிசையால் இனி என்ன பயன்? அதில் செய்ய வேண்டியது எதுவும் மீதமில்லையே! அதனை நீக்கிவிட்டால் புதியவற்றுக்கு இடம் கிடைக்கும் அன்றோ! முடிந்த வேலை கண்ணைவிட்டு அகல வேண்டும் என்னும் இந்த ஒரு விதியால்தான் ஒரு புதிர் உலக விளையாட்டாயிற்று. இதனை வாசகர் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் இங்கேயே திரும்பி வருவோம்.

வதீம் கெராசிமோவ் என்ற பதினாறு வயது மாணவர் உள்ளிட்ட நண்பர்களின் உதவியோடு விளையாட்டு ஐ.பி.எம். கணிப்பொறிக்கு மாற்றப்பட்டது. விலையில்லாமல், விளம்பரமில்லாமல், நெகிழ்தட்டுகளில் நகலெடுக்கப்பட்டு மாஸ்கோ முழுவதும் பரவியது. 1986-இல் ஹங்கேரி நாட்டில் மேலைநாட்டு வணிகர் ஒருவரின் கண்ணில் பட்டது. இரும்புத்திரை விலகாத காலம் அது. 1989 பிப்ரவரியில், ஒருவரை ஒருவர் அறியாமல் மூன்று நிறுவனங்களின் சார்பில் மூவர் ஒரே வாரத்தில் மாஸ்கோவுக்கு வந்து, சோவியத் அரசின் மென்பொருள் ஏற்றுமதி அமைப்பான எலோர்கின் கதவைத் தட்டினர். ஜப்பானில் தொழில் நடத்திய ஹென்க் ராஜர்ஸ் கையடக்கக் கருவிக்கான உரிமையைப் பெற்றார். அவ்வாண்டே நிண்டெண்டோ நிறுவனத்தின் கேம்பாய் கருவி வெளிவந்தது. அதில் மட்டும் டெட்ரிஸ் ஏறத்தாழ 3½ கோடிப் பிரதிகள் விற்றது. ஆக்கியவருக்கோ 1996 வரை அதிலிருந்து உரிமைத்தொகை எதுவும் கிடைக்கவில்லை. 1993-இல் அலெக்ஸாந்தர் செரெப்ரோவ் என்ற ருஷ்ய விண்வெளி வீரர் கேம்பாய் ஒன்றை ‘மிர்’ விண்வெளி நிலையத்திற்கே எடுத்துச் சென்று டெட்ரிஸ் ஆடினார். அரசுகள் தத்தம் ஏவுகணைகளை எண்ணிக்கொண்டிருந்த காலத்தில் பிறந்த இவ்விளையாட்டு, மொழியும் கொள்கையும் கேளாமல் எல்லை கடந்துபோயிற்று. படித்தறிய வேண்டிய ஒரு சொல்லும் அதில் இல்லாததே அதன் கடவுச்சீட்டு.

இனி அந்தக் குடும்ப வழக்கு. நம் பங்கைச் சேர்ந்த ஓர் இல்லம். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பள்ளியில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஆசிரியை அவ்வீட்டின் தாய். கணவர் பக்கவாதத்தால் படுக்கையிலாகி மூன்றாம் ஆண்டு நடந்துகொண்டிருந்தது. மகன் ஒருநாள் மாலை நம்மைத் தேடி வந்தார். குரலில் கோபத்தைவிட வெட்கமே மிகுந்திருந்தது.

“அப்பா இந்த நிலைமையில கிடக்கிறாங்க, சாமி. அம்மா ராத்திரி ரெண்டு மணிக்கு உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி செல்போன்ல கட்டை அடுக்கிக்கிட்டு இருக்காங்க. எழுபது வயசாச்சு. யாராவது பார்த்தா என்ன நினைப்பாங்க? நான் சொன்னா கேட்க மாட்டாங்க. நீங்கதான் ஒரு வார்த்தை சொல்லணும்.”

அடுத்த முறை நோயாளியைச் சந்திக்கச் சென்றபோது அம்மையாரிடம் பேச்சுக் கொடுத்தோம். நாம் எதற்காகச் சுற்றி வளைக்கிறோம் என்பதை அந்த முன்னாள் ஆசிரியை நொடியில் புரிந்துகொண்டார்.

“மகன் வந்து சொல்லியிருப்பான். சரிதான், சாமி. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவங்களைத் திருப்பிப் படுக்க வைக்கணும். இல்லாட்டி முதுகுல புண்ணு வந்திடும். திருப்பிப் போட்ட பிறகு எனக்குத் தூக்கம் வராது. கண்ணை மூடினா அன்னைக்கு அவங்க குளியலறையில விழுந்து கிடந்ததுதான் தெரியும். இதை எடுத்து வச்சுக்கிட்டா அந்தக் காட்சி வராது. அதுவும் போக, இதுல ஒரு வரி நிறைஞ்சா காணாமப் போயிடுது, சாமி. இந்த வீட்டுல நான் செய்யுற வேலையில ஒண்ணாவது அப்படி முடியுதா, சொல்லுங்க?”

நாம் அன்று மறுமொழி எதுவும் கூறவில்லை. ஆயினும் அவருடைய சொற்கள் நம்மைவிட்டு நீங்கவில்லை. கற்றறிந்தோர் இவ்விளையாட்டைப் பற்றி என்ன கண்டிருக்கிறார்கள் என்று தேடிப் படித்தோம். அம்மையார் தம் அநுபவத்தால் சொன்ன இரண்டு செய்திகளையும் அறிஞர்கள் தம் ஆய்வால் தொட்டிருப்பதைக் கண்டு வியந்தோம்.

முதலாவது, கண்ணை மூடினால் தோன்றும் காட்சி. 2000-ஆம் ஆண்டில் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த ராபர்ட் ஸ்டிக்கோல்டும் அவருடைய குழுவினரும் சிலரைப் பல மணி நேரம் டெட்ரிஸ் ஆட வைத்து, உறங்கத் தொடங்கும் வேளையில் அவர்கள் மனத்தில் தோன்றுவது யாது எனக் கேட்டார்கள். கட்டைகள் விழும் காட்சியைப் பலரும் கூறினர். அவர்களுள் மூளைப் பாதிப்பால் புதிய நினைவுகளைச் சேமிக்க இயலாதவர்களும் இருந்தனர். தாம் விளையாடியதே அவர்களுக்கு நினைவில்லை. ஆயினும் விழும் உருவங்கள் மட்டும் அவர்களுள் சிலருடைய மனக்கண்ணில் வந்து நின்றன! நினைவு நுழைய முடியாத இடத்திற்கும் காட்சி நுழைந்துவிடுகிறது.

இதனையே மருந்தாக்க முடியுமா என ஆராய்ந்தவர் எமிலி ஹோம்ஸ் என்னும் உளவியல் அறிஞர். கொடிய நிகழ்ச்சி ஒன்றைக் கண்டவர்க்கு அக்காட்சி அழையாமலே மீண்டும் மீண்டும் வந்து நிற்பது நாம் அறிந்ததே. மனக்கண்ணின் திரை அகலம் குறைந்தது; ஒரே நேரத்தில் இரு காட்சிகளுக்கு அங்கே இடம் போதாது. உருவங்களைச் சுழற்றிப் பொருத்தும் வேலையால் அத்திரையை நிரப்பிவிட்டால், துயரக் காட்சி ஆழமாகப் பதிவதைத் தடுக்கலாம் அன்றோ? 2017-இல் வெளியான ஆய்வு ஒன்றில், இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நகர மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவுக்குச் சாலை விபத்திற்குப் பின் வந்த 71 பேர் கலந்துகொண்டார்கள். அவர்களுள் ஒரு பகுதியினர் விபத்து நடந்த ஆறு மணி நேரத்திற்குள், அந்நிகழ்ச்சியைச் சுருக்கமாக நினைத்துப் பார்த்தபின், டெட்ரிஸ் ஆடினர். அடுத்த ஒரு வார காலத்தில் அழையாமல் வரும் கொடிய நினைவுகள் அவர்களுக்கு மற்றவர்களைவிட 62 விழுக்காடு குறைவாக இருந்தன.

இதைப் படித்துவிட்டு, கைப்பேசி ஒன்று போதும், மருத்துவர் வேண்டாம் என்று எவரும் எண்ணிவிடலாகாது. ஆய்வில் இருந்தது தேர்ந்தவர்களின் மேற்பார்வை, அளந்த நேரம், குறிப்பிட்ட முறை. நாட்பட்ட மனக்காயத்திற்கு உரிய மருத்துவரை நாடுவதே அறிவுடைமை. ஆனால் ஒன்று தெளிவாகிறது. “அந்தக் காட்சி வராது” என்று அம்மையார் சொன்னது சாக்குப்போக்கன்று.

இரண்டாவது, முடிகின்ற வேலை. ‘தொட்டுவிட்ட காரியம் விட்டபாடில்லை’ என நாம் சொல்வதுண்டு. முடியாமல் நிற்கும் வேலை முடிந்த வேலையைக் காட்டிலும் அழுத்தமாக மனத்தில் தங்குகிறது என்பதை 1927-ஆம் ஆண்டிலேயே புளூமா ஸெய்கார்னிக் என்ற அறிஞர் எடுத்துக்காட்டினார். டெட்ரிஸ் நம் மனத்தின் இந்த இயல்பின்மீதே கட்டப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு கட்டையும் ஒரு குறையை உண்டாக்குகிறது. அடுத்த கட்டை அதனைத் தீர்க்கிறது. தீர்க்கும்போதே மற்றொரு குறையைத் தோற்றுவிக்கிறது. நிறைவும் குறையும் கைகோத்து வரும்போது எழுந்து போக மனம் எப்படி இசையும்?

உடலுழைப்பைப் போன்றதோர் இன்பமும் இதில் உண்டு. 1994-இல் டேவிட் கர்ஷ், பால் மாக்லியோ என்ற இருவர் ஆட்டக்காரர்களைக் கூர்ந்து கவனித்து ஓர் உண்மையை வெளியிட்டனர். கட்டை எங்கே பொருந்தும் என்று மனத்திற்குள் சுழற்றிப் பார்த்துவிட்டு, அதன்பிறகு பொத்தானை அழுத்துவார்கள் என்றுதானே நாம் எண்ணுவோம்? அவர்களோ முதலில் பொத்தானை அழுத்தித் திரையிலேயே சுழற்றி, கண்ணால் கண்டு முடிவு செய்கிறார்கள். மனத்தில் சுழற்றுவதைவிடக் கையால் சுழற்றுவது விரைவானது. சிந்திக்கும் வேலையைக் கை ஏற்றுக்கொள்கிறது. பூ கட்டும் பெண்மணியின் விரல்களையும் வலை பின்னும் மீனவரின் விரல்களையும் பார்த்தவர்கள் இதனை உடனே ஒப்புவார்கள். கை சிந்திக்கத் தொடங்கிவிட்டால் நெஞ்சு சற்றே இளைப்பாறுகிறது.

சரி, வரிசைகள் மறைகின்றன, மனம் இளைப்பாறுகிறது. முடிவில் ஏன் தோல்வி? திறமை போதாமையாலா? கணித அறிஞர்கள் இதனையும் விட்டுவைக்கவில்லை. ஏழு உருவங்களில் இரண்டு, ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக, ஏணிப்படி போல வளைந்தவை. இவ்விரண்டும் மாறிமாறி நெடுநேரம் வந்துகொண்டேயிருந்தால் எந்த மேதையாலும் கிணற்றைக் காப்பாற்ற முடியாது என்பதை ஹெய்டி பர்ஜியெல் என்ற அறிஞர் 1997-இல் நிறுவினார். கட்டைகள் எவ்வித ஒழுங்குமின்றித் தற்செயலாக வருமானால், முடிவில்லாத ஆட்டத்தில் அத்தகைய தொடர் ஒருநாள் வந்தே தீரும். 2002-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிலையத்தைச் சேர்ந்த மூவர் மற்றொன்றைக் காட்டினர். வரப்போகும் கட்டைகள் அனைத்தும் முன்கூட்டியே தெரிந்திருந்தாலும், அவற்றை மிகச் சிறப்பாக அடுக்கும் வழியைக் காண்பது, கணிப்பொறிக்கே மிகக் கடினமானவை என வகுக்கப்பட்ட கணக்குகளுள் அடங்கும்.

இதைவிட எளிய உண்மை ஒன்றை வாசகர் தாமே தாளும் பென்சிலும் கொண்டு சோதிக்கலாம். ஏழு உருவங்களையும் ஒவ்வொன்று எடுத்தால் மொத்தம் 28 சதுரங்கள். ஏழு நீளமும் நான்கு அகலமும் கொண்ட பெட்டிக்குள் அவற்றை அடக்கிவிடலாம் என்றே தோன்றும். ஒருநாளும் இயலாது! பெட்டியைச் சதுரங்கப் பலகை போலக் கறுப்பும் வெள்ளையுமாக வண்ணமிட்டால் 14 கறுப்பு, 14 வெள்ளை. ஆறு உருவங்கள் எங்கே வைத்தாலும் இரண்டு கறுப்பையும் இரண்டு வெள்ளையையும் மூடும். ‘டீ’ என்ற ஆங்கில எழுத்தைப் போன்ற ஏழாவது உருவம் மட்டும் ஒன்றில் மூன்றையும் மற்றதில் ஒன்றையும் மூடும். ஆகவே கணக்கு ஒருபோதும் நேராகாது. ஒவ்வொருவரும் நல்லவர்களாயிருந்தும், ஒன்றாகச் சேர்த்தால் ஒரு மூலை இடிக்கின்ற குடும்பங்களை நாம் அறிவோமே; இந்த ஏழு கட்டைகளும் அத்தகைய ஒரு குடும்பம்! ஆயினும் ஆட்டம் நடக்கிறது. ஒரே பெட்டிக்குள் அடைக்க முயலாமல், வருவதை வந்தவாறு ஏற்று, இன்றைய வரிசையை இன்று நிரப்புவதால் நடக்கிறது.

இவ்விளையாட்டில் பேராசைக்கும் ஒரு கண்ணி வைத்திருக்கிறார்கள். 1989-இல் நிண்டெண்டோ வெளியிட்ட பதிப்பின் தொடக்க நிலையில், ஒரு வரிசையை நிரப்பினால் 40 புள்ளிகள். நான்கு வரிசைகளை ஒரே வீச்சில் நிரப்பினால் 1200. ஒவ்வொன்றாக நான்கை நிரப்பினாலோ 160தான். நான்கையும் ஒருசேர நிரப்பவல்லது நீண்ட கட்டை ஒன்றே. ஆகவே ஆடுகிறவர் ஓரத்தில் ஒரு பத்தியைத் திறந்தே வைத்து, அந்த நீண்ட கட்டை வரும் வரும் என்று காத்திருப்பார். அது வருவதற்குள் மற்றவை கழுத்தளவு ஏறிவிடும். லாட்டரிச் சீட்டை நம்பி அன்றாடக் கூலியை விட்டவன் கதையும் இதுதான். அதே வேளையில் சிறிதும் காத்திராதவன் பெரிதாக ஒன்றும் பெறுவதில்லை என்பதும் மெய். எவ்வளவு காத்திருக்கலாம் என்பதை ஒவ்வொரு நொடியும் அளந்து பார்க்க வைப்பதே இவ்விளையாட்டின் சுவை.

2023 டிசம்பர் 21 அன்று அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் ஒருவன், அதே நிண்டெண்டோ பதிப்பை 157-ஆம் நிலை வரை ஆடினான். அங்கே அவன் தோற்கவில்லை. கருவியே திணறி உறைந்து நின்றுவிட்டது. 29-ஆம் நிலையைத் தாண்ட மனிதக் கைகளால் இயலாது என நெடுங்காலம் கருதப்பட்ட விளையாட்டு அது. விளையாட்டு வெளிவந்து 34 ஆண்டுகள் கழித்து ஒரு பாலகன் அதனை அசையாமல் நிற்க வைத்தான். உலகச் செய்தித்தாள்கள் எல்லாம் எழுதின. அதுகூட வெற்றி எனப்படுமா? வென்றதற்கான மாலையும் மேளமும் அந்தக் கருவிக்குள் வைக்கப்படவேயில்லை. இனி விழுவதற்குக் கட்டை இல்லை, அவ்வளவே. அந்த உறைந்த திரையைக் கண்டு அவன் மூச்சுத் திணற மகிழ்ந்தான்.

தோல்வி உறுதியான ஆட்டத்தில் தோல்வி சுடுவதில்லை. எவரும் நம்மை வென்று எக்களிப்பதில்லை. எதிரில் அமர்ந்தவர் முகத்தைப் பார்த்துத் தலைகுனிய வேண்டியதில்லை. கிணறு நிரம்பிவிட்டதா? ஒரு பொத்தான், கிணறு மீண்டும் வெறுமை. வாழ்வில் தவறிழைத்தவர்க்கு இத்தனை எளிதாக வெறுங்கிணறு கிடைப்பதில்லை. நோயும் கடனும் மனஸ்தாபமும் பொத்தான் ஒன்றால் அழிவன அல்லவே! ஆகையால்தான் உழைத்துக் களைத்தவர்கள் இங்கே ஒதுங்குகிறார்கள் போலும்.

ஆனால் இளைப்பாறும் திண்ணையே வீடாகிவிடக் கூடாது. கால் மணி நேரம் என்று அமர்ந்தவர் இரண்டு மணி நேரம் கழித்து எழுந்த கதைகள் பல. இன்று கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கும் விளையாட்டுகள் பலவற்றில் ஆட்டத்திற்கு நடுநடுவே விளம்பரம் வந்து கையைப் பிடித்து இழுக்கிறது; பஜித்னோவ் அன்று நண்பர்களுக்குக் கொடுத்த நெகிழ்தட்டில் அந்தத் தொல்லை இல்லை. எழுந்து சென்றபின் மனம் தெளிந்திருந்தால் அது ஓய்வு. எழுந்தபின் இன்னும் களைத்து, அடுத்தவர்மேல் எரிந்து விழுந்தால் அது ஓய்வாகாது. இந்த ஓர் உரைகல் போதும். கடிகாரத்தைக் காட்டிலும் இது நேர்மையானது.

ஆசிரியை அம்மையாரின் மகனுக்கு நாம் சொன்னதை இங்கே சுருக்கமாகக் கூறுவோம். அம்மாவின் கையிலுள்ள கைப்பேசியை வாங்க வேண்டாம் என்றோம். எந்த நாள்களில் அவர் இரவில் விளையாடுவதில்லை என்று கவனித்ததுண்டா எனக் கேட்டோம். சிறிது நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, “அக்கா ஊர்லயிருந்து வந்து தங்குற நாள்ல விளையாட மாட்டாங்க, சாமி. நல்லாத் தூங்குவாங்க” என்றார். சொல்லி முடிக்கும்போதே அவருடைய முகம் மாறியது. நாம் மேற்கொண்டு எதுவும் சொல்லத் தேவையிருக்கவில்லை. செவ்வாயும் வெள்ளியும் இரவில் தந்தையைத் திருப்பிப் படுக்கவைக்கும் பொறுப்பை அதன்பின் அவரே ஏற்றுக்கொண்டார் என அறிந்தோம். மற்ற இரவுகளில் அம்மையார் இன்னும் கட்டைகளை அடுக்குகிறார். அடுக்கட்டும்.

மாஸ்கோவில் ஓர் இளைஞர் கண்ட அந்த விதிக்கே இப்போது திரும்புவோம். முடிந்தது மறைய வேண்டும். அப்போதுதான் அடுத்ததற்கு இடமுண்டு. அலுவலகத்தில் கோப்பு முடிந்தால் கட்டி வைக்கிறார்கள். வயலில் அறுப்பு முடிந்தால் களம் வெறிச்சோடுகிறது. அவ்வாறு முடியாத வேலைகளும் உலகில் உண்டு. துலக்கிய பாத்திரம் மீண்டும் கரியாகும். துவைத்த துணி மீண்டும் அழுக்காகும். இன்று திருப்பிப் படுக்கவைத்த உடலை இன்னும் இரண்டு மணி நேரத்தில் திரும்பவும் திருப்ப வேண்டும். நோயாளிகளையும் குழந்தைகளையும் முதியோரையும் பேணுகின்ற கைகளுக்கு ‘முடிந்தது’ என்ற சொல்லே கிடையாது. பெரும்பாலான இல்லங்களில் அக்கைகள் பெண்களுடையவை. அவர்கள் நிரப்பிய வரிசைகள் எண்ணற்றவை. ஒன்றேனும் மறைந்து புள்ளி ஏறக் கண்டவர் எவர்?

அன்பு வாசகர்களே, நம் இல்லத்தில் ஒருவர் நள்ளிரவில் சிறு திரையின் வெளிச்சத்தில் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தால், ‘இந்த வயதில் இதென்ன விளையாட்டு?’ என்று கேட்டுவிடுவது எளிது. அதைவிடச் சற்றே கடினமான கேள்வி ஒன்று இருக்கிறது. ‘உங்களுக்கு முடியாமல் நிற்கிற வேலை எது? அதில் ஒரு வரிசையை நான் நிரப்பட்டுமா?’ இதனைக் கேட்பதற்கு விஞ்ஞானமும் வேண்டா, கணிதமும் வேண்டா. இரவில் ஒருமுறை எழுந்திருக்கும் மனம் இருந்தால் போதும்.